மணிக்குப் பதினொன்றரை லிட்டர்

கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், குளிர்பானக் கம்பெனி மேனேஜரிடமிருந்து ஒரு பேட்டரிக்குப் பணம் பெயர்க்க முடியாது என்பதை அக்கா அந்த வருஷம்தான் தெரிந்துகொண்டாள். அந்த ஆள் அவளை மரியாதையாக உட்காரவைத்தார், ஜில்லென்று ஒரு பாட்டிலை உடைத்துக் கொடுத்தார், அவள் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். கடைசியில், "நாங்க குப்பைத்தொட்டி தர்றோம் மேடம். நூறு தொட்டி. எங்க பேரு மட்டும் பெருசா இருக்கும்" என்றார்.

"தொட்டி இருக்குங்க. எனக்கு டீசல் ஜெனரேட்டரை நிறுத்தணும்."

"அது மேடைக்குப் பின்னாடி இல்ல இருக்கு? அங்க போய் எங்க பேரை யார் மேடம் படிப்பாங்க?"

நியாயமான கேள்விதான். பாட்டிலைப் பாதியில் வைத்துவிட்டு அக்கா எழுந்து வந்தாள். அடுத்துப் போன வங்கியில் துணிப்பை தருகிறோம் என்றார்கள். வீடு கட்டி விற்கிற ஒருவர் ஐம்பது மரக்கன்று நடுகிறேன் என்றார். நடும்போது போட்டோகிராபர் வரவேண்டுமாம். பிறகு தண்ணீர் ஊற்ற யார் வருவார்கள் என்று கேட்டதற்கு அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஏரிக்கரை மைதானத்தில் கோடை ஐந்து மாதமும் சனிக்கிழமைதோறும் இசை நிகழ்ச்சி நடத்துகிற கமிட்டிக்கு அக்காதான் ஆபீஸ். ஆபீஸில் வேலை பார்க்கிறவள் என்று சொல்லவில்லை, அவளேதான் ஆபீஸ். சாவி வெட்டுகிற கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், கீழேயிருந்து நாள் முழுக்கக் கிர்ரென்று ஏறி வரும் சத்தம். கமிட்டித் தலைவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். யார் என்ன பேச வாயைத் திறந்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பார். காசு விஷயமென்றால் அதையும் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பார்.

மேடைக்குப் பின்னால் இரண்டு ஜெனரேட்டர். இரண்டுக்கும் நடுவில் கவிழ்த்துப் போட்ட ஒரு மரப்பெட்டி. அதன்மேல் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்தவன் அக்காவின் தம்பி. ஊரே அவனைக் கரண்ட்டு என்றுதான் கூப்பிட்டது. கட்டிய மனைவிகூட யாரிடமாவது அவனைப் பற்றிப் பேசும்போது "எங்க வீட்டுக் கரண்ட்டு" என்பாள். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கையில் அழுக்குத் துணியோடு, முன்னால் யார் பாடுகிறார்கள் என்பதே தெரியாமல், அத்தனை பாட்டையும் பாடவைத்தவன் அவன்.

அம்மா போனபோது அவனுக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினாறு. தலைவாரிவிட்டதிலிருந்து பெண் பார்த்துக் கட்டிவைத்தது வரைக்கும் எல்லாம் அவள்தான். அதனால் அவன் இருமினால் அவளுக்கு நெஞ்சு வலிக்கும். மூன்று வருஷமாக அவன் இருமிக்கொண்டே இருந்தான். இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டியதற்கு, நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது, இனிமேல் புகைப் பக்கமே போகக்கூடாது என்றார் அவர்.

"நான் ஒரு சிகரெட் தொட்டதில்லை டாக்டர். எனக்கும் சேர்த்து ஜெனரேட்டர் பிடிக்குது" என்றான் கரண்ட்டு.

டாக்டர் சிரிக்கவில்லை. வேறு வேலை பாருங்கள் என்றார். வெளியே வந்ததும் அவன் அக்காவிடம், "நாப்பத்தாறு வயசுல என்னை யாருக்கா வேலைக்கு வச்சுக்குவா? எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்" என்றான். அவன் மகள் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் பேட்டரி யோசனை அவளுக்கு வந்தது. புகையில்லாமல், சத்தமில்லாமல், லாரியில் கொண்டுவந்து நிறுத்துகிற பெரிய பேட்டரிகள் இருக்கின்றன, அதை இயக்கப் பயிற்சியும் தருகிறார்கள் என்று எங்கோ படித்திருந்தாள். ஜெனரேட்டர் போய் அது வந்தால், வேலையும் தம்பிக்கு இருக்கும், தம்பியும் இருப்பான். விழாக்களைச் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் நடத்த உதவுகிற பசுமை நிதி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டதும் முப்பத்துநாலு பக்கப் படிவத்தை வாங்கிவந்து பதினேழு நாள் உட்கார்ந்து நிரப்பினாள். பூமியைக் காப்பது பற்றி அதில் நான்கு பக்கம் எழுதினாள். பூமி நன்றாக இருக்கட்டும், அவளுக்கு அதன்மேல் பகை எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரி எழுதும்போதும் அவள் மனசில் இருந்தது மரப்பெட்டியில் உட்கார்ந்திருந்த ஒருத்தன் மட்டுமே.

பதினோராம் பக்கத்தில் ஒரு கட்டம். "ஒரு பருவத்தில் எரிக்கப்படும் டீசல், லிட்டரில்."

இங்கேதான் அவள் கை தப்பு செய்தது. உண்மையில் எரிந்தது மூவாயிரத்து இருநூறு லிட்டர். ஆனால் நகராட்சிக்கு அவள் வருஷாவருஷம் எழுதிக் கொடுத்தது ஆயிரத்து ஐந்நூறு. மைதானத்தை ஒட்டிய தெருக்காரர்கள் புகை, புகை என்று மனுப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். உண்மையைச் சொன்னால் அனுமதி கிடைக்காது என்று பல் டாக்டர்தான் முதல் வருஷம் பாதியாகக் குறைக்கச் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதினொரு வருஷமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து மறைத்து, அந்த எண் அவளுக்குத் தன் வீட்டுக் கதவு எண் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு காகிதத்தில் இரண்டு எண் இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்தாள். ஆயிரத்து ஐந்நூறு என்று எழுதினாள். அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. கேட்கும் தொகைக்கு ஏற்ற அளவு டீசல் சேமிப்பு இல்லை என்பதால் விண்ணப்பத்தை ஏற்க முடியவில்லை. ஒரு முழுப் பருவத்துக்கு, மணிவாரியாக அளந்து எழுதிய பதிவோடு அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கலாம்.

அக்கா கடிதத்தை எடுத்துக்கொண்டு பல் டாக்டர் வீட்டுக்கு ஓடினாள். "எண்ணைத் தப்பா எழுதிட்டோம்னு சொல்லிடலாம் சார். உண்மையைச் சொன்னா இந்த வருஷமே கொடுத்துடுவாங்க."

"நகராட்சிக்காரன் கேட்டா?"

"கேக்கட்டும் சார்."

"கேக்கட்டுமா? அனுமதி போச்சுன்னா மேடை போச்சு. மேடை போச்சுன்னா உன் வேலை போச்சு, உன் தம்பி வேலையும் போச்சு. அப்புறம் பேட்டரியை வச்சு என்ன பண்ணுவே, டார்ச் லைட்டா அடிப்பே?" என்றார் ஜன்னலைப் பார்த்தபடி. "ஒரு வருஷம்தானேம்மா. அளந்துட்டுப் போடு. கூட வந்தா இந்த வருஷம்தான் ஏறிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

ஒரு வருஷம்தானே. திரும்பி வரும் வழியெல்லாம் அக்காவும் தனக்குத்தானே அதைச் சொல்லிக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷம் இருந்தவன் இன்னொரு வருஷம் இருக்க மாட்டானா? ஏன் கிடைக்கவில்லை என்று தம்பி கேட்டபோது, "அளந்த கணக்கு வேணுமாம்டா" என்றாள். அது பொய் இல்லை. ஆனால் உண்மையின் பாதிதான். அவளுக்குப் பாதி எழுதிப் பழக்கமாகிவிட்டிருந்தது.

அடுத்த கோடைக்கு வேறு ஆளைப் போட்டுப் பார்த்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். முதல் சனிக்கிழமை வந்த ஆள் மூன்றாவது பாட்டின்போது மொத்த மைதானத்தையும் இருட்டாக்கிவிட்டு, எந்த கேபிள் எங்கே போகிறதென்று தெரியாமல் நின்றான். இரண்டு தெரு தள்ளி வீட்டில் இருந்த கரண்ட்டு, பாட்டு நின்ற சத்தம் கேட்டே ஓடிவந்தான். வந்து அந்த ஆளைத் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு வேலையைப் பார்த்தான். வெளிச்சம் திரும்ப வந்தபோது அவனுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"ஒருத்தன் பொண்டாட்டியைக்கூட இன்னொருத்தன் கிட்ட ஒப்படைக்கலாம்கா, என் மிஷினை ஒப்படைக்க முடியாது" என்றான். பின்னாலேயே ஓடிவந்திருந்த அவன் மனைவி அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று வீட்டில் அவனுக்கு என்ன கிடைத்ததென்பது நமக்குத் தேவையில்லை.

அந்த வருஷம் மணிக்கொரு தரம் எழுத வேண்டிய வேலை வந்ததும் அவனுக்கு ஒரு தனிப் பெருமை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு பேனா பிடிக்காதவன். மகளின் பழைய நோட்டு ஒன்றை வாங்கிக் கோடு போட்டு, நேரம், லோடு, ஊற்றிய டீசல் என்று மூன்று பத்தி பிரித்தான். அளவுக் கம்பியை டேங்குக்குள் விட்டு எடுத்து, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவான். ஒவ்வொரு தரமும் புகைபோக்கிக்குப் பக்கத்தில் குனிய வேண்டும். முன்பெல்லாம் அவ்வப்போது எழுந்து ஏரிப் பக்கம் காற்றாட நடந்துவிட்டு வருவான். இப்போது மணி தவறிவிடுமே என்று நகராமல் உட்கார்ந்திருந்தான்.

"மணிக்குப் பதினொன்றரை லிட்டர் குடிக்குதுக்கா இது. பக்கத்துல இருக்கிறவன் பதினொண்ணேகால். ரெண்டும் மொடாக் குடிகாரப் பயலுக" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆபீஸ் படியேறி வந்து நோட்டை நீட்டுவான். இருபது படி. நடுவில் இரண்டு முறை நிற்பான். நிற்பது தெரியாமலிருக்கச் சாவி கடைக்காரனிடம் ஏதாவது பேச்சுக் கொடுப்பான். அக்கா மேலே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். முகமூடி வாங்கிக் கொடுத்தாள். அது அவன் தாடைக்குக் கீழேயே தொங்கியது.

நடுவில் பல் டாக்டருக்கு ஒரு ஞானோதயம். கணக்கு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லதுதானே, சும்மா நான்கு விளக்கைக் கூடுதலாக எரியவிடலாமே என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் அதற்குப் பிறகு இரண்டு வாரம் ஆபீஸ் பக்கம் வரவில்லை.

பத்தொன்பதாவது சனிக்கிழமை காற்று திரும்பிக்கொண்டது. ஏரிப் பக்கம் போக வேண்டிய புகை மேடையின் பின்துணியில் மோதி அங்கேயே தங்கியது. கரண்ட்டு கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்து எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான். மறுநாள் காலையில் படியேறி வரவில்லை. பத்து மணிக்கு அவன் மனைவி போன் செய்தாள். "அண்ணி, இவருக்கு மூச்சு விட முடியலை. உடனே வாங்க."

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தவன் வெள்ளிக்கிழமை கேட்ட முதல் கேள்வி, "நாளைக்குக் கணக்கு யாருக்கா எழுதுவா?" என்பதுதான். ஒரு வாரம் விட்டுப் போனால் மொத்தமும் செல்லாது என்று அவனுக்குத் தெரியும். அதை அவனுக்குச் சொல்லிவைத்தவள் அக்காதானே.

கடைசி சனிக்கிழமை அக்கா உட்கார்ந்தாள். வாடகை ஜெனரேட்டர்காரர் ஒருவர் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு நாலடி தள்ளி நின்றார், அவள் மரப்பெட்டியில் உட்கார்ந்து நோட்டில் எழுதினாள். முதல் மணியில் கண் எரிந்தது. இரண்டாவது மணியில் தொண்டையில் கசப்பு இறங்கியது. பெட்டி உடம்பையெல்லாம் அதிர வைத்தது, காதில் பஞ்சு வைத்தும் மண்டைக்குள் சத்தம். நான்காவது மணியில் எழுந்துபோய் வேலியோரம் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். பதினொரு வருஷம் இதைத்தான் அவள் ஒரு மேஜையில் உட்கார்ந்து பாதியாக எழுதினாள். பாதி நுரையீரல் என்று டாக்டர் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. முன்னால் கூட்டம் கைதட்டியது. அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அந்தச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் நோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அவன் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஏழு மணிக் கட்டம் காலியா இருக்கு" என்றான்.

"அப்போ வேலிகிட்டப் போயிருந்தேன்டா."

"எதுக்கு?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான், புரிந்துகொண்டான், சிரிக்க முயன்றான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நெடுநேரம் ஆனது. "முதல் நாள் எல்லாருக்கும் வரும்கா. பழகிடும்" என்றான்.

"தம்பி, அந்த முதல் ஃபார்ம்ல..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"அடுத்த கோடைக்குள்ள பேட்டரி ட்ரெயினிங் முடிச்சுடலாம் இல்ல? அதுக்கு இங்கிலீஷ் படிக்கணுமா?"

"வேணாம்டா. நம்ம பாஷையிலேயே சொல்லித் தருவாங்க."

"அப்போ சரி" என்று கண்ணை மூடிக்கொண்டான். சொல்ல வந்ததை அக்கா விழுங்கிக்கொண்டாள். நாளைக்குச் சொல்லலாம், கொஞ்சம் தேறட்டும் என்று நினைத்தாள். திங்களன்று பார்க்க விடவில்லை. செவ்வாயன்று அவனுக்கு நினைவில்லை. புதன்கிழமை காலையில் அவன் போய்விட்டான்.

நிதி கிடைத்தது. நான்கு மாதம் கழித்து வந்த கடிதத்தில், இவ்வளவு நுணுக்கமான பதிவை இதுவரை நாங்கள் பார்த்ததில்லை என்று தனியாக ஒரு வரி பாராட்டி எழுதியிருந்தார்கள். மூவாயிரத்து இருநூறு லிட்டர் என்று அதில் தெளிவாக இருந்தது. நகராட்சிக்குக் கொடுத்த ஆயிரத்து ஐந்நூறை யாரும் கேட்கவில்லை. அந்த இரண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எந்த அலுவலகத்திலும் ஒருத்தருக்கும் நேரமில்லை. அக்கா எதற்குப் பயந்தாளோ அது எந்தக் காலத்திலும் நடந்திருக்காது. கடிதத்தை மேஜையில் கவிழ்த்துவைத்துவிட்டு அவள் ஆபீஸைப் பூட்டினாள்.

நேரே தம்பி வீட்டுக்குத்தான் போனாள். அவன் மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பதினோராம் பக்கம், பாதி எண், பல் டாக்டர், ஒரு வருஷம்தானே என்றது, எதையும் விடவில்லை.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. ஒரு சட்டை, இரண்டு சட்டை. பிறகு கேட்டாள். "அப்போ முதல் தடவையே சரியா எழுதியிருந்தா, போன கோடையில அவர் அங்க உக்காந்திருக்க வேண்டியதே இல்லையா அண்ணி?"

"இல்லைம்மா."

"இதை அவர்கிட்டச் சொன்னீங்களா?"

"சொல்ல நினைச்சேன். முடியலை."

"சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாரு. அக்கா கணக்குல வீக்குன்னு ஒரு வருஷம் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சிருப்பாரு" என்றாள். கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். "எனக்கு அப்படிச் சிரிக்க வரலை அண்ணி. நீங்க இப்போ போங்க. நான் கூப்பிடுறேன்."

அவள் கூப்பிடவில்லை. கோடை வந்தது. முதல் சனிக்கிழமை மதியம், வெள்ளை அடித்த இரண்டு பெரிய பெட்டிகளை லாரியில் கொண்டுவந்து மேடைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். பக்கத்தில் ஆள் உட்கார வேண்டிய அவசியம் இல்லை, போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். தெருக்காரர்கள் ஜன்னல்களைத் திறந்துவைத்திருந்தார்கள். ஏரியில் வாத்து கத்துவது மேடைப் பின்னால் வரை கேட்டது. பல் டாக்டர் எல்லாரிடமும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்.

நிதி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும், வேலைக்குப் புதிது, நல்ல பெண். கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு அக்காவைத் தனியாக அழைத்துப்போய் முடிவறிக்கைக்கான கேள்விகளைக் கேட்டாள். டீசல் முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு. சத்தம் முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு. எல்லாவற்றுக்கும் அக்கா பதில் சொன்னாள்.

"ஜெனரேட்டர் புகைக்குப் பக்கத்துல வேலை பார்த்தவங்க, முன்னாடி எத்தனை பேர் மேடம்?"

"ஒருத்தர்."

"ரெண்டு ஜெனரேட்டருக்கும் சேர்த்து ஒருத்தர்தானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எண்ணிக்கை கூட இருந்தா ரிப்போர்ட்டுக்கு நல்லா இருக்கும்."

"ஒருத்தர்தான்மா."

"சரி. இப்போ?"

அக்கா வெள்ளைப் பெட்டிகளைப் பார்த்தாள். "இப்போ யாரும் இல்லை."

"அப்போ நூறு சதவீதம் குறைஞ்சிருக்கு!" அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சந்தோஷம். "எங்க நிதியில இந்தக் கேள்விக்கு நூறு வாங்கின முதல் விழா உங்களோடதுதான் மேடம்."

"இது போன வருஷமே கிடைச்சிருக்கும்மா" என்றாள் அக்கா. "நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"அதனால என்ன மேடம், இந்தத் தடவை எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லி, அந்தப் பெண் கையெழுத்துக்காக டேப்லெட்டை அவள் பக்கம் திருப்பினாள். எங்கே போட வேண்டும் என்று கேட்டு, அக்கா விரலால் தன் பெயரை எழுதினாள்.